சனிக் கிரகத்துக்கு எதிராக ஒரு தீர்மானம்

ஆறுமுகநயினாருக்கு இழைக்கப்பட்ட அநீதிகள் வரிசைப்படி இவை. முதலாவது, சாலைக் கடைவீதிச் சுமைதூக்கிகளுக்காகப் பதினோரு நாள் அவர் பட்டினி கிடந்தார். பழரசம் கொடுக்க வந்த தலைவர் போட்டோவில் அவரை மறைத்துக்கொண்டு நின்றார். இரண்டாவது, அவர் எழுதிய துண்டுப் பிரசுரம் வேறொருவர் பெயரில் அச்சானது. மூன்றாவது, கூலி உயர்வை வாங்கிக்கொண்ட அதே தொழிலாளர்கள் சங்கத் தேர்தலில் அவரைத் தோற்கடித்தார்கள். நான்காவது, போன செவ்வாய்க்கிழமை நடந்தது. சனிக் கிரகத்துக்குக் கலம் அனுப்பும் திட்டத்தில் மகள் மீனுவுக்கு வேலை கிடைத்தது.

"விழிஞ்ஞம் கடற்கரையில மழைக்கு ஒழுகாத கூரை எத்தனை இருக்கு? அதை எண்ண ஆளில்லை. இவ சனிக்கு வளையம் எண்ணப் போறாளாம்! என் வீட்டுலேருந்து ஒருத்தரும் அந்த வேலைக்குப் போகப்பிடாது."

"அப்பா, புயல் வருதுன்னு அந்தக் கரைக்குச் சொல்லுததும் மேல சுத்துத கலந்தானே?"

"அது பக்கத்துல சுத்துது. அதுக்கு நான் எதிரியில்லை. எட்டாத தூரத்துக்கு எதுக்குச் செலவு?"

அவர் மனைவி முத்தாரம்மாள் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "தம்பானூர்ல நாப்பது வருசம் கொடி பிடிச்சு நின்னியோ. பொன்னுலகம் வருதுன்னு சொன்னியோ. அது சனியைவிடத் தூரமால்லா இருக்கு! அதுக்கு ஆன செலவை நான் கேட்டனா?"

"ஏட்டி, அது லட்சியம்!"

"இது அவளுக்கு லட்சியம்."

பதில் இல்லாதபோது கூட்டம் கூட்டுவது அவர் வழக்கம். அந்த வீட்டில் எந்தத் தகராறும் தீர்மானமாகி, ஓட்டுக்குப் போய்த்தான் முடியும். விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியவர் அவரேதான். சம்பந்தப்பட்டவருக்கு ஓட்டு இல்லை. எனவே மீனு ஒதுங்கினாள். மிச்சம் இரண்டு ஓட்டு. சமமாக நின்றால் தலைவர் சொல்வதே முடிவு. தலைவர் அவர். வெற்றி கையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, அடுத்த வீட்டு பினுவும் அவன் மனைவி ஸ்நேகாவும் சாட்சிகளாக வந்து உட்கார்ந்தார்கள். பினு குறிப்பேட்டைத் திறந்தான்.

"தீர்மானத்தை யாரு முன்மொழியுதது?" என்றாள் முத்தாரம்மாள். "நான் எதிர்க்கட்சி. மீனு வாய் திறக்கப்பிடாது. எழும்பி நின்னு பேச இந்தத் திருவனந்தபுரத்துல உங்களைவிட்டா ஆளுண்டா?"

இல்லை. அது அவருக்கே தெரியும். கம்பீரமாக எழுந்தார்.

"அப்பம் ஒம்பதாம் விதி," என்றாள் அவள். "முன்மொழியுதவரு தலைமை நாற்காலியில இருக்கப்பிடாது. கூட்டத்துல உள்ள இன்னொரு ஓட்டுக்காரருக்கு விட்டுக் கொடுக்கணும்."

அந்த விதிக்காக ஒரு காலத்தில் ஒரு மாநாட்டையே கலைத்தவர் அவர். நாற்காலியை விட்டு விலகி நின்றார். முத்தாரம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு அதில் உட்கார்ந்தாள்.

நாற்பது நிமிடம் பேசினார். பசித்த வயிறு, ஒழுகும் கூரை, ஏழையின் கண்ணீர். ஸ்நேகா மூக்கை உறிஞ்சினாள். மீனுகூடத் தலையைக் குனிந்துகொண்டாள். அப்படியொரு பேச்சை அவர் வாழ்நாளில் பேசியதில்லை.

ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு ஒன்று. எதிர்ப்பு ஒன்று.

அப்போதுதான் அவர் நாற்காலியைப் பார்த்தார்.

பினு எழுந்து, தொண்டையைச் செருமி, எல்லோரும் கேட்க வாசித்தான்:

"ஓட்டு சமம். தலைவர் தீர்ப்புப்படி தீர்மானம் தோற்றது. மீனு நாளைக்கு வேலையில் சேர்வாள். ஒப்பம், தலைவர், தோழர் முத்தாரம்மாள்."