மூன்றாவது இம்போர்ட்

எண்ணிப் பழகியவன் கண்ணுக்கு அடுத்தவன் கூடையில் எப்போதும் ஒன்று கூடுதலாகத்தான் தெரியும். இது வியாதி என்று என் மகள் கல்பனா சொல்கிறாள். கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் சரக்கை எண்ணும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இது தொழில் மிச்சம் என்று நான் சொல்கிறேன். பிரிக்ஃபீல்ட்ஸ் வாழை இலைக் கடையில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலையின் அப்பளங்களை எண்ணிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பேன். (நம் இலையில் ஒன்று குறையும். இதுவரை குறையாமல் இருந்ததில்லை.)

இப்படிப்பட்டவனை ஒரு ஐஸ் ஹாக்கி அணிக்கு மேனேஜர் ஆக்கியது யார் குற்றம்?

என் பேத்தி யாழினிக்கு அப்போது பதின்மூன்று வயது. வெளியே வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருக்க, பேரங்காடிக்குள் இருக்கும் பனித் திடலில் கால்களில் கத்தியைக் கட்டிக்கொண்டு கறுப்பு ரப்பர் வட்டைத் துரத்துவாள். நான் மங்கிக் குல்லாயும் இரண்டு சட்டையும் போட்டுக்கொண்டு கரையில் நடுங்குவேன். சும்மா நடுங்கும் ஆளுக்கு ஒரு வேலை கொடுக்கலாம் என்று பூச்சோங்கிலிருந்து வரும் கோச் பிரகாஷ் நினைத்திருக்க வேண்டும். தண்ணீர் போத்தல், மட்டை, ஆள் கணக்கு எல்லாம் என் பொறுப்பாயின.

முதல் ஆட்டத்திலேயே எழுந்து நின்று கத்தினேன். “ரெஃப்ரி! அவங்க பக்கம் ஒருத்தன் கூட இருக்கான்!”

கோச் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “அங்கிள், ஆட்டம் ஓடும்போதே ஆள் மாத்தலாம் லா. அவன் வெளிய போறான், இவன் உள்ள வரான்.”

“போற ஆளு போகாம நின்னுட்டா?”

“தாத்தா, ப்ளீஸ், எண்ணாதீங்க!” என்று திடலிலிருந்து யாழினி அலறினாள்.

அந்த லீக்கில் ஒரு விதி உண்டு. வெளிநாட்டுப் பிள்ளைகள் ஒரு அணிக்கு இரண்டு பேர்தான். அவர்களை ‘இம்போர்ட்’ என்பார்கள். பனி தேசங்களிலிருந்து பெற்றோரின் வேலைக்காக இங்கே வந்த பிள்ளைகள் நடக்கும் முன்பே சறுக்கியிருப்பார்கள். எல்லோரும் ஒரே அணியில் சேர்ந்துவிட்டால் நம் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? அதனால் ஆண்டுத் தொடக்கத்தில் ‘டிராஃப்ட்’ நடக்கும். வெளிநாட்டுப் பிள்ளைகளை ஓர் அறையில் உட்கார வைத்து, அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும். போன ஆண்டு கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. கிட்டத்தட்டப் பெண் பார்க்கும் படலம்தான், கேசரி மட்டும் கிடையாது. நாங்கள் கனடாப் பையன் ஒருவனையும் ஜப்பான் பெண் ஒருத்தியையும் எடுத்தோம். சிவப்புச் சட்டை அணிக்கு ஃபின்லாந்து அண்ணன் தம்பி இருவரும் போனார்கள். (அண்ணனும் தம்பியும் ஒரே அணிக்கு எப்படிப் போனார்கள்? நான் கேட்டேன்.)

எங்கள் அணிப் பிள்ளைகளின் பெயர்களை லீக்குக்கு எழுதிக் கொடுத்ததும் நான்தான். இம்போர்ட் என்ற இடத்தில் கனடா, ஜப்பான். மீதி எல்லோரும் உள்ளூர்.

அரையிறுதியில் அதே சிவப்புச் சட்டை அணியோடு மோதினோம். ஜெயித்தால் யாழினிக்கு முதல் இறுதி ஆட்டம். அதற்காகப் பள்ளி நாளிலும் விடியுமுன் எழுந்து பயிற்சிக்குப் போனவள் அவள். இரண்டாம் இடைவேளையில் நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஏன் விட்டுக்கொடுக்கிறார்கள்?

அப்போதுதான் அவர்கள் பக்கம் ஆடிய பதினேழாம் எண்ணைக் கவனித்தேன். நெடுநெடுவென்று உயரம். பின்பக்கமாகவே சறுக்கிப் போய் வட்டைப் பிடுங்கும் லாவகம். தண்ணீர் குடிக்கும்போதுகூடத் தலைக்கவசத்தைக் கழற்றாமல், கம்பி வலைக்குள் போத்தலைப் பீய்ச்சிக்கொள்கிற மர்மம். ஃபின்லாந்து இரண்டு, இது மூன்று! துறைமுகத்தில் தாளில் இல்லாத சரக்கைப் பிடித்தால் உடம்பில் ஓடுமே ஒரு சூடு, அது அந்தக் குளிரிலும் ஓடியது.

கோச் உடைமாற்றும் அறையில் இருந்தார். லீக் செயலாளர் மிஸ் லிம்மிடம் போய் முறையீடு கொடுத்தேன்.

“அங்கிள், ஷுவரா?” என்றார். “புரோடெஸ்ட் வந்தா ரெண்டு டீமையும் செக் பண்ணணும். ரூல் அப்படி.”

“தாராளமா பண்ணுங்க. எங்க கணக்கு சுத்தம்.”

கல்பனா ஓடி வந்தாள். “அப்பா, நம்மதான் லீடிங்! என்னத்துக்கு இது?”

“நீ சும்மா இரு. எனக்கு இம்போர்ட்ட பத்தித் தெரியாதா?”

பதினேழாம் எண்ணை அழைத்தார்கள். கவசம் கழன்றது. இரண்டு சடைகள் விழுந்தன. நெற்றியில் வியர்வையில் கரைந்த திருநீறு.

“என்னா தாத்தா பிரச்சன?” என்றது அந்தப் பெண். “நான் இங்க கிள்ளான் பண்டமாரான் லா. எங்கப்பா போர்ட்ல லோரி ஓட்டுறாரு.”

நான் விடவில்லை. “தண்ணி குடிக்கறப்பகூட ஏம்மா கழட்டல?”

“கழட்டுனா சடைய திரும்ப உள்ள திணிக்கணும். நீங்க வந்து திணிப்பீங்களா?”

சிவப்புச் சட்டைகள் மட்டையால் தரையைத் தட்டிச் சிரித்தன. அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மிஸ் லிம் எங்கள் பக்கம் திரும்பி ஒவ்வொரு பிள்ளையின் அடையாளச் சான்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். யாழினியின் முறை வந்தது. கல்பனா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் எனக்கு உறைத்தது.

மாப்பிள்ளை திருச்சிக்காரர். யாழினி பிறந்தது திருச்சியில். தகப்பனும் வெளிநாட்டவர், பிறந்ததும் வெளிநாடு என்றால், தாய் மலேசியராக இருந்தாலும் பிள்ளைக்குக் குடியுரிமை தானாக வராது. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறோம். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? ஒவ்வோர் ஆண்டும் அவளுடைய இந்தியப் பாஸ்போர்ட்டோடு குடிநுழைவு அலுவலகத்தில் வரிசையில் நிற்பவன் நான்தான். ஆனால் என் மண்டையில் இம்போர்ட் என்றால் செம்பட்டை முடி. காலையில் சம்பலோடு நாசி லெமாக் தின்னும் என் பேத்தி எப்படி இம்போர்ட் ஆவாள்?

ஆனாள். கனடா, ஜப்பான், யாழினி. மூன்று. அரையிறுதி அவர்களுக்குப் போனது. யாழினி குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தாள். எங்கள் அணிப் பிள்ளைகள் என்னைக் கடந்து போனபோது ஒருவர்கூடப் போத்தலை என்னிடம் கொடுக்கவில்லை.

காரில் கல்பனாதான் வெடித்தாள். “இவள அங்க பொறக்க வச்சதே நீங்கதான்பா!”

அதுவும் உண்மை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று, வளைகாப்பு முடித்து மகளைக் கூட்டிவரத்தான் திருச்சிக்குப் போனேன். ஏழாம் மாதத்தில் ஜோசியர் குறித்த தேதியில் எனக்குச் சந்தேகம். இன்னொருவரிடம் கேட்டேன். அவர்மேலும் சந்தேகம். ஒன்பதாம் மாதம் வளையல் அடுக்கி விமான நிலையம் போனால், கவுன்டர் பெண் மருத்துவர் சீட்டைப் பார்த்து வாரங்களை எண்ணிவிட்டு, ஏற்ற முடியாது என்றாள். வாழ்நாளில் என்னைவிடச் சரியாக எண்ணிய ஒரே ஆள் அவள்தான்.

பின் இருக்கையிலிருந்து ஒரு குரல். “அப்போ தாத்தா, நான் ஃபிளைட் ஏறியிருந்தா லோக்கல்?”

“ஆமாம்மா.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலாம்.

அடுத்த ஆண்டு டிராஃப்ட் அறையில், கொரியாவுக்கும் சுவீடனுக்கும் நடுவில் யாழினி உட்கார்ந்திருந்தாள். சிவப்புச் சட்டை அணி அவளை எடுத்தது. கேட்டு வாங்கியவள் பண்டமாரான் பெண்ணாம். இப்போது இருவரும் ஒன்றாக ஆடுகிறார்கள். நான் சிவப்புக் குல்லாய் போட்டுக்கொண்டு கரையில் உட்காருகிறேன். எந்தப் பொறுப்பும் இல்லை. மிஸ் லிம் என்னைக் கண்டால் மட்டும் வேறு வாசல் வழியாகப் போகிறார்.

வீட்டில் இன்னும் ஓயவில்லை. மாப்பிள்ளை ஒன்று, பேத்தி ஒன்று, கோட்டா முடிந்தது என்பார்கள். சென்ற மாதம் சம்பந்தியம்மா திருச்சியிலிருந்து வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் யாழினி என் காதருகே வந்தாள். “மூணாவது இம்போர்ட் வருது தாத்தா. புரோடெஸ்ட் பண்றீங்களா?”

நான் பெட்டிகளை மட்டும் எண்ணினேன். பயணச் சீட்டில் எழுதியிருந்ததைவிட ஒன்று குறைந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சம்பந்தியம்மா கைமுறுக்குப் பெட்டி எங்கே என்று கேட்டபோதுதான் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.