காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு

சென்னைப் பட்டணத்தில் மனிதர்களுக்காக வாதாட எத்தனையோ வக்கீல்கள் இருந்தார்கள். முகங்களுக்காக வாதாடியவர் ஒரே ஒருவர்தான். மயிலாப்பூரில் நாங்கள் எட்டுப் பிரம்மச்சாரிகள் தங்கியிருந்த மெஸ்ஸின் மாடியில், ஜன்னலோரம் அவர் குடியிருந்தார். ஏதோ கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. பெயர் என்னவோ இருந்தது. தபால்காரர் உட்பட எல்லோரும் பயத்தமாவு மாமா என்றே கூப்பிட்டதில், அது உபயோகமில்லாமல் போய்விட்டது.

மாமாவின் முகம் வெயில் பட்டால் சிவக்கும். சோப்புப் பட்டால் எரியும். ஆபீஸ் மானேஜர் உரக்கப் பேசினால் தடித்துவிடும் என்பார். ஆகவே அதைக் கைக்குழந்தை மாதிரி வளர்த்துவந்தார். பயத்தம்பருப்பை நிழலில் உலர்த்தி அரைத்து, மல் துணியில் மூன்று தரம் சலித்து, பாலில் குழைத்துப் பூசி, பாதி உலர்ந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுவார். பிறகு பழைய வேஷ்டித் துணியால் ஒற்றுவார். வேறு யாராவது தன் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டால் போச்சு! "என்னடா, பித்தளைச் சொம்பா தேய்க்கறே? மூஞ்சிடா அது!" என்று மாடியிலிருந்து சத்தம் வரும்.

அவருக்கு இரண்டு சட்டங்கள். எதையும் முதலில் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து, ஒரு நாள் முழுக்கப் பொறுத்துப் பார்க்க வேண்டும். பூச்சு முகத்தில் இருக்கும்போது, வீடு பற்றி எரிந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் தோல் இழுபட்டுக் கோடு விழுந்துவிடுமாம். முதல் சட்டத்தை அவர் உலகத்துக்கே விஸ்தரித்திருந்தார். சமையற்காரர் புது மிளகாய் வாங்கிய அன்று, ரசத்தை ஒரு சொட்டுக் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டு, வெறும் மோர்சாதத்தோடு எழுந்து போனதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் சிரித்தேன். சிரித்ததற்குத் தண்டனை கிடைத்தது. பெண்வீட்டார் பார்க்க வருகிறார்கள் என்று கடைத்தெருவில் ஏதோ ஒரு ஸ்நோ வாங்கி முகத்தில் அப்பிக்கொண்டேன். மறுநாள் கன்னம் ஒரு நிறம், நெற்றி ஒரு நிறம், மூக்கு தனி ராஜ்யம். வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, காப்பியைக்கூட முடிக்காமல் போனார்கள்.

அடுத்த வரன் மாம்பலத்து ரிடயர்டு போஸ்ட்மாஸ்டர் ஒருவரின் பெண். போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னைப் பார்க்க மெஸ்ஸுக்கே வருவதாகப் போஸ்ட்மாஸ்டர் எழுதியிருந்தார். இதுவும் தட்டிப்போனால் நான் தொலைந்தேன். ஓடிப்போய் மாமாவின் காலில் விழுந்தேன்.

"எலுமிச்சம்பழம் தேய்க்கட்டுமா மாமா?"

"கொன்னுடுவேன்! பாவம், மூஞ்சி ஏற்கெனவே அழுதுண்டிருக்கு. இனிமே தேய்க்காதே, குடையில்லாம வெயில்ல போகாதே. முதல்ல பொட்டு, அப்புறம்தான் மாவு."

பாலில் குழைத்த பொட்டு அரித்தது. பன்னீரில் குழைத்ததும் அரித்தது. வெறும் தண்ணீரில் குழைத்த மூன்றாவது பொட்டு சமத்தாக இருந்தது. மூன்று வாரத்தில் என் மூக்கு மறுபடி முகத்தோடு சேர்ந்துகொண்டது. அதைப் பார்த்து மெஸ்ஸில் மற்ற ஏழு பேரும் சிஷ்யர்களாகிவிட்டார்கள்.

கடைசிப் பூச்சு சனிக்கிழமை சாயங்காலம். எட்டுப் பேரும் மாமாவும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். முகமெல்லாம் மாவு, வாய்க்கெல்லாம் பூட்டு. அப்போது குடையும் கையுமாக ஒருவர் உள்ளே வந்தார்.

"மாம்பலத்துலேர்ந்து வரேன். நாளைக்கு வரதா எழுதியிருந்தேன். சொல்லாம வந்தாத்தானே பையன் எப்படின்னு தெரியும்? இதுல யாரு பையன்?"

நான் கையைத் தூக்கினேன். மற்ற ஏழு பேரும் என்னைக் காட்டக் கையை நீட்டினார்கள்.

"எட்டு பேருமா?" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

இல்லை என்று தலையை ஆட்டினோம். மாவு உதிரக் கூடாதே என்று மெதுவாக ஆட்டினோம்.

"பைத்தியக்கார ஆஸ்பத்திரின்னு யாருமே சொல்லலையே!" என்று அவர் திரும்பி நடந்தார். வாயைத் திறந்தால் நாளைக்கு முகத்தில் கோடு. திறக்காவிட்டால் நாளையே இல்லை. நான் யோசித்து முடிப்பதற்குள் ஒரு குரல் கேட்டது.

"நில்லுங்கோ ஸார்!"

மாமா! அவர் கன்னத்திலிருந்து மாவு பாளம் பாளமாக உதிர்ந்தது.

"அதோ, மூணாவதா உக்காந்திருக்கானே, அவன்தான் பையன். மூஞ்சி அந்தப் பாடு பட்டும் அவன் அவசரப்படலை. மூணு தரம் பொட்டு வெச்சுண்டு, ஒவ்வொரு தரமும் ஒரு நாள் பூராக் காத்துண்டிருந்தான். ஒரு மாவுக்கே இவ்வளவு பொறுமைன்னா, உங்க பொண்ணை எப்படி வெச்சுப்பான்னு யோசிச்சுக்கோங்கோ!"

போஸ்ட்மாஸ்டர் குடையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். பிறகு தாடையைச் சொறிந்துகொண்டே, "எனக்கும் க்ஷவரம் பண்ணிண்டா இங்க அரிக்கறது..." என்று இழுத்தார்.

"இன்னிக்குப் பொட்டு. நாளைக்கு வாங்கோ, பாக்கலாம்" என்றார் மாமா.

காதுக்குப் பின்னால் பொட்டோடு மாம்பலம் போனவர், மறுநாள் சொன்னபடி வந்தார். அரிக்கவில்லையாம். காதைக் காட்டிவிட்டு, அந்தக் கையோடு முகூர்த்தத்தையும் பேசி முடித்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு மாமா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், வலது கன்னத்தை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டுவார். "பாருடா, அன்னிக்கு உனக்காக வாயைத் திறந்தேனே, அந்தக் கோடு!" வழவழவென்றிருந்த அந்தக் கன்னத்தில் எனக்கு ஒரு கோடும் தெரிந்ததில்லை. ஆனாலும் நானும் என் மனைவியும் குனிந்து பார்த்து, "தெரியறது மாமா, நன்னாத் தெரியறது" என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொல்லிவந்தோம்.