ஹில்டாவுக்குப் பதிலாகப் பசாசை விட்டவர்

யாரும் கேட்காமலே கார்டியன் ஆகிவிடுகிறவர் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. இவருக்குச் சட்டம் வேண்டாம், கோர்ட் வேண்டாம், பிள்ளையின் சம்மதம் அறவே வேண்டாம். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இடுப்பு உயரத்துக்குள் எது நடந்து போனாலும் அது இவர் பொறுப்பு. ஆட்டுக்குட்டியாக இருந்தால் மட்டும் விட்டுவிடுவார்.

எழுபதுகளில் தூத்துக்குடியில் இந்த இனத்துக்குத் தலைவராக இருந்தவர் பர்னபாஸ் அண்ணாச்சி. துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற கிளார்க். பகலெல்லாம் கப்பலுக்குப் போகிற மூட்டைகளை எண்ணிவிட்டு, சாயங்காலம் கடற்கரையோரம் தன் வீடு இருந்த திரேஸ்புரத்துக்கு வந்ததும் பிள்ளைகளை எண்ண ஆரம்பித்துவிடுவார். எது வெயிலில் நிற்கிறது, எது செருப்பில்லாமல் ஓடுகிறது, எது ஐஸ் வண்டிக்காரனிடம் கடன் சொல்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்து, ஒன்றைப் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்பார்.

“ஏலே, என்ன படிக்கே? அஞ்சா? வாய்ப்பாடு தெரியுமா? தெரியாது. மத்தியானம் சாப்பிட்டியா? சாப்பிட்டிருக்க மாட்ட. சரி, போ.”

பையன் பதில் சொல்லத் திறந்த வாயோடு நிற்பான். பிறகு அதை மூடிக்கொண்டு போவான். அவ்வளவுதான் விசாரணை.

இதோடு போயிருந்தால் ஊர் பொறுத்துக்கொண்டிருக்கும். ஆனால் அண்ணாச்சிக்கு ஞானத்தகப்பன் பதவியில் அப்படியொரு ஆசை. கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது சாமியார், “பசாசை விட்டுவிடுகிறாயா?”, அதாவது பிசாசோடு உறவை முறித்துக்கொள்கிறாயா என்று குழந்தையைத்தான் கேட்பார். குழந்தை என்ன சொல்லும்? வீல் என்று கத்தும். அதற்குப் பதிலாக ஞானத்தகப்பன் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு, “விட்டுவிடுகிறேன்” என்று சொல்ல வேண்டும். பிள்ளைக்கான கேள்விக்குப் பெரியவர் பதில் சொல்லலாம் என்று திருச்சபையே அனுமதித்திருக்கிற இடம். அண்ணாச்சி விடுவாரா? கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் முதல் ஆளாக நின்று, சாமியார் கேள்வியை முடிப்பதற்குள் பசாசை விட்டுவிடுவார். கடற்கரையில் பாதிப் பிள்ளைகளுக்கு இவர்தான் ஞானத்தகப்பன்.

அப்படி இவர் பதில் சொல்லிக் கிறிஸ்தவரானவர்களில் ஒருத்தி ஹில்டா. சின்ன வயதிலேயே தாய் இல்லை. கொழும்புக்குத் தோணியில் போன தகப்பன் ரோச், ஓர் ஐப்பசிப் புயலில் திரும்பி வரவில்லை. பிள்ளைக்கு அப்போது பதினாலு வயது, எட்டாம் வகுப்பு. தாயின் தங்கை கிளாடிஸ் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். ஊரே நிம்மதியாக இருந்தது. அண்ணாச்சிக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு எட்டு போதும், படிப்பை நிறுத்திவிட்டுத் தன் வீட்டுக்கு வந்து தையல் படிக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டார். யாரைக் கேட்டு? பிள்ளையைத் தவிர எல்லாரையும் கேட்டு.

கிளாடிஸ் முடியாது என்றாள். அண்ணாச்சி நேராக எங்கள் வக்கீல் செல்வதுரையிடம் வந்தார். நான் அங்கே குமாஸ்தா.

“நான்தான் கார்டியன். பிள்ளையைத் தர மாட்டேங்கா. கோர்ட்ல சொல்லி வாங்கித் தாங்க” என்றார்.

வக்கீல் பொறுமையாகச் சொன்னார். “சட்டத்துல தகப்பன் முதல் கார்டியன், அதுக்குப் பிறகு தாய். ரெண்டு பேரும் இல்லன்னா கோர்ட்தான் ஒருத்தரை நியமிக்கணும். அப்பவும் உங்க ஆசை, அந்தம்மா ஆசையெல்லாம் பிறகுதான். பிள்ளைக்கு எது நல்லதுங்கிறதுதான் முதல்ல.”

“கோயில் ஞானஸ்நானப் புஸ்தகத்துல என் கையெழுத்து இருக்குல்லா?”

“அது மோட்சத்துக்கு உதவும் அண்ணாச்சி. ஜில்லா கோர்ட்ல உதவாது.”

அண்ணாச்சி முகம் தொங்கிப்போயிற்று. பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, வக்கீல் வாயை விட்டுவிட்டார். கோர்ட்டே கார்டியனை நியமித்துவிட்டால், அந்தப் பிள்ளை பதினெட்டு வயதில் மேஜர் ஆவதில்லை, இருபத்தொன்றில்தான் என்றார். மூன்று வருஷம் கூடுதலாகக் கார்டியன் உத்தியோகம். ரிட்டையர் ஆகப் போகிறவருக்கு எக்ஸ்டென்ஷன் கிடைத்தால்கூட முகம் அப்படி மலராது.

“இதை முதல்லயே சொல்லக் கூடாதா? எழுதுங்க மனுவ” என்றார்.

விசாரணைக்குக் கோட்டு போட்டுக்கொண்டு பாளையங்கோட்டை ஜில்லா கோர்ட்டுக்கு வந்தார். ஜட்ஜ் ஹில்டாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, “என்னம்மா படிக்கே?” என்று கேட்டார்.

“எட்டு” என்றார் அண்ணாச்சி.

“நான் பிள்ளையைக் கேட்டேன்.”

“அவளும் அதத்தான் சொல்லுவா ஐயா.”

“படிக்கப் பிடிச்சிருக்காம்மா?”

“பிடிக்கல ஐயா. வெளிய சொல்ல மாட்டா.”

ஜட்ஜ் அவரை வராந்தாவுக்கு அனுப்பினார். வராந்தா பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது கோர்ட்டின் துரதிர்ஷ்டம். “உன்னை யாரும் மிரட்டினாங்களா?” என்று கேட்டதற்கு, “யாரும் மிரட்டல” என்று கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. டவாலிச் சேவகன் போய் ஜன்னலைச் சாத்தினான்.

அப்போதுதான் ஹில்டா பேசினாள்.

“மாமா நல்லவங்கதான். எனக்குப் பதிலா பசாச விட்டது வரைக்கும் சரி. மத்தத நானே சொல்லுதேன்.”

“சொல்லு. யார்கூட இருக்கணும் உனக்கு?”

“எங்கூடத்தான் ஐயா” என்று பின்னாலிருந்து கிளாடிஸ் எழுந்துவிட்டாள். “என்னைய விட்டு ஒரு நாள் இருக்க மாட்டா.”

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த நோய் ஒட்டுவாரொட்டி என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

ஹில்டா சித்தியைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “சித்தின்னா எனக்கு உசுரு. ஆனா வீட்டுல நாலு பொடிசு. ஒண்ணு தூங்கினா ஒண்ணு எந்திச்சு அழும். புஸ்தகத்தத் தொட முடியல. நான் பள்ளிக்கூட போர்டிங்ல இருந்து படிக்கேன் ஐயா. சனி ஞாயிறு சித்தி வீட்டுக்கு வாரேன். யாருமே கேக்கல, அதான் சொல்லல.”

கிளாடிஸ் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஏளா, என்ட்ட சொல்லியிருக்கலாம்லா?” என்று மட்டும் கேட்டாள்.

மனு தள்ளுபடியானது. பிள்ளை சித்தியின் பொறுப்பிலேயே இருப்பாள், பள்ளி நாட்களில் போர்டிங்கில். கோர்ட் கார்டியன் யாரும் கிடையாது. எனவே பதினெட்டிலேயே அவள் மேஜர். ஒரே நாள் விசாரணையில் போர்டிங்கும் கிடைத்தது, மூன்று வருஷமும் மிச்சமாயிற்று.

பஸ் ஸ்டாண்டில் அண்ணாச்சியைப் பார்த்தேன். அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்தேன். எட்டுப் பேரைச் சுற்றி நிற்க வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“போர்டிங்லதான் போடணும்னு நான் அன்னைக்கே நினைச்சேன். ஜட்ஜுக்கும் எனக்கும் ஒரே யோசனை பாத்துக்கிடுங்க.”

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஹில்டா வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, பாவம் தாயில்லாப் பிள்ளை, சித்தியோடு இருந்து படிக்கட்டும் என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதி முத்திரையும் குத்திவிட்டது நீங்கள்தானே? பதில் சொல்லச் சிரமப்பட வேண்டாம். உங்களுக்காக நானே சொல்லிவிடுகிறேன்: ஆமாம்.