ஆளில்லாமல் ஜெயித்த பவர் டில்லர்

ஒரு பந்தயத்தில் என் வண்டி முதலாவதாக வந்தது. நான் இரண்டாவதாகக்கூட வரவில்லை. இந்த அநியாயத்தை எங்கே போய் முறையிடுவது என்று தெரியாததால், கல்யாண வீட்டுப் பந்திகளில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் ரசம் வருவதற்குள் எழுந்துவிடுகிறார்கள். நீங்களாவது உட்கார்ந்து கேளுங்கள்.

மோட்டார் பந்தயம் என்றதும் ஹெல்மெட், தார் ரோடு என்று ஏதாவது மனதில் வந்திருந்தால் அழித்துவிடுங்கள். எங்களுடையது வயல் உழுகிற பவர் டில்லர் பந்தயம். சம்பா அறுவடை முடிந்ததிலிருந்து குறுவைக்கு நாற்று விடும்வரை வயல் சும்மா கிடக்கும். வயல் கிடந்தால் வண்டி கிடக்கும். வண்டி கிடந்தால் ஆண்கள் பகலெல்லாம் வீட்டில் இருப்பார்கள். அதைப் பொறுக்க முடியாமல் பெண்கள்தான் இந்தப் பந்தயத்தைத் தூண்டிவிட்டார்கள் என்பது என் சந்தேகம். பின்னால் இருக்கிற சீட்டில் உட்கார்ந்து, நீளமான இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு, அறுத்த வயலில் சுற்றி வர வேண்டும். வேகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். ஊர் நாய்கள் முதல் சுற்றில் குரைத்துக்கொண்டு கூடவே ஓடி வரும். இரண்டாவது சுற்றில் சலித்துப்போய் நிழலில் படுத்துவிடும். (சத்தம் மட்டும் உலகத் தரம்.)

இதற்கு ஒரு சாம்பியன்ஷிப், அதில் இரண்டு லீக். ஆற்றுத் தண்ணீர் முதலில் பாய்கிற ஊர்களைத் தலைமடை என்போம். மிச்சம் மீதி கடைசியாகப் போய்ச் சேர்கிற ஊர்கள் கடைமடை. அந்தப் பெயர்களையே லீக்குகளுக்கு வைத்துவிட்டார்கள். மேல் லீக் தலைமடை லீக், கீழ் லீக் கடைமடை லீக். ஊர் எங்கே இருந்தாலும் ஓட்டுகிற ஓட்டத்துக்குத் தகுந்த லீக். சீசன் முடிவில் தலைமடை லீக்கில் கடைசியாக வந்த ஊரும், கடைமடை லீக்கில் முதலாவதாக வந்த ஊரும் ஒரே ஒரு பந்தயத்தில் மோதும். ஜெயித்த ஊருக்கு மேல் லீக், தோற்ற ஊருக்குக் கீழ் லீக்.

என் ஊர் பூதலூர் பக்கம். அசல் தலைமடை. என் மனைவி பூங்கொடியின் ஊர் பேராவூரணி பக்கம். எங்கள் ஊரைத் தாண்டிப் போகிற தண்ணீருக்காக வாய்க்காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அசல் கடைமடை. கல்யாணமான மறுநாளே வாசல் குழாய் சொட்டுவதைப் பார்த்துவிட்டு, "இது எங்க ஊருக்கு வர வேண்டிய தண்ணி" என்றாள். அன்றிலிருந்து என் வீட்டில் எந்தத் தண்ணீர் எங்கே சிந்தினாலும் அது அவளுடைய ஊர்த் தண்ணீர்தான். பல் தேய்க்கும்போதுகூட யாரோ பின்னால் நின்று பார்ப்பது போலவே இருக்கும். (நின்று பார்ப்பாள்.)

அந்த வருஷம் எங்கள் ஊரின் ஒரே நல்ல ஓட்டுநருக்கு சிங்கப்பூர் விசா வந்துவிட்டது. சீசன் தொடங்கும் நேரத்தில் ஊரை அம்போவென்று விட்டுவிட்டு விமானம் ஏறினார். நான் டில்லர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவன். வண்டியின் ஒவ்வொரு போல்ட்டும் எனக்குத் தெரியும், ஓட்டுவது என்ன பிரமாதம் என்று நானே கையைத் தூக்கினேன். யாரும் தூக்கச் சொல்லவில்லை. முதல் பந்தயத்தில் பெல்ட் அறுந்தது. (என் கடைச் சரக்கு.) அடுத்ததில் வரப்பில் ஏறி மல்லாந்தேன். அதற்கு அடுத்ததில் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது டீசல் தீர்ந்தது. இப்படியே போய்த் தலைமடை லீக்கின் கடைசி இடத்தில் ஊரைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

கடைமடை லீக்கில் முதலிடம் யார் என்கிறீர்கள்? என் மாமனார் ஊர். ஓட்டுநர் என் மைத்துனன் அறிவழகன். சேதி தெரிந்த உடனே போன் செய்தான்.

"மச்சான், நல்லா இருக்கீங்களா? நீங்கதான் ஓட்டப் போறீங்கன்னு அக்கா சொல்லிச்சு. ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன். ஒங்க ஊர்ல வேற ஆளே கெடைக்கலையா?"

"மாப்ள, எங்களுக்குப் பின்னாடி வந்தே பழகுனவங்க நீங்க. ஞாயித்துக்கிழமையும் அப்படியே பின்னாடி வந்து சேருங்க" என்று வைத்தேன். நல்ல பதில்தான். ஆனால் பூங்கொடி பக்கத்தில் நிற்பதை நான் கவனிக்கவில்லை.

"தண்ணிக்குத்தான் காத்துக் கெடக்கோம். பந்தயத்துலயாவது எங்க ஊரு மேல வரட்டுமே, ஒங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எனக்கு என்ன வந்ததா? தலைமடை ஊர், கடைமடை லீக்கில் கிடப்பதா? அதுவும் மாமனார் வீட்டுக்காரர்கள் மேலே போய் உட்கார, நான் அண்ணாந்து பார்ப்பதா? அந்த வாரம் முழுவதும் கடையைத் திறக்காமல் வண்டியைப் பிரித்துப் பிரித்து மாட்டினேன். ஊர் பெயரைப் பெரிதாகவும் என் கடைப் பெயரை அதைவிடச் சற்றுப் பெரிதாகவும் போட்டு ஒரு மஞ்சள் ஜெர்சி அடித்துக்கொண்டேன்.

நடுவர் மாசிலாமணி சார். எங்கள் எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் வெயிலில் ஓடவிட்ட பி.டி. வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகும் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றாதவர். அவர் எழுதிய விதிகளில் ஒன்று: ஓட்டுகிறவர் பாதியில் வண்டியை விட்டு இறங்கினால் தோற்றவர். முன்னொரு சீசனில் ஒருவர் வண்டியை நடுவயலில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போக, எதிராளியும் பேச்சுத் துணைக்குக் கூடவே போய்விட்டதால் வந்த விதி.

பந்தயம் எங்கள் ஊர் வயலில். பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, மைக் செட், நீர்மோர் அண்டா என்று திருவிழா போல இருந்தது. பேராவூரணிக்காரர்கள் வேன் வைத்து வந்திருந்தார்கள். பூங்கொடி இரண்டு ஊர்க் கூட்டத்துக்கும் நடுவில் தனியாக ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். யாருக்கும் கை தட்டவில்லை.

வயலின் தூரத்து மூலையில் மாசிலாமணி சாரின் பம்புசெட் வாய்க்கால் ஓடுகிறது. அன்றைக்குப் பகலில், பம்புசெட் ஓடுவதற்கான மும்முனை மின்சாரம். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் மோட்டாரை நிறுத்திவைக்கிற விவசாயி இன்னும் பிறக்கவில்லை. சார் நாற்றங்காலுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டு, விசில் ஊத வந்துவிட்டார். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எங்கள் பந்தயப் பாதை. அந்தப் பக்கம், பள்ளத்தில், பூத்து நிற்கிற அவருடைய எள்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்றைக்கு நான் நன்றாக ஓட்டினேன். பெல்ட் அறுந்துபோகவில்லை, டீசல் இருந்தது. கடைசிச் சுற்றில், கடைசித் திருப்பத்தைத் திரும்பியபோது நான்தான் முன்னால். அறிவழகன் ஒரு மாட்டுக் கயிறு தூரம் பின்னால். இனிப் பந்தல்வரை நேர் ஓட்டம்தான்.

அப்போது பார்த்தேன். வாய்க்கால் கரையில் நண்டு வளை ஒன்று உடைப்பெடுத்து, தண்ணீர் குபுகுபுவென்று எள்ளுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது.

எள் தண்ணீரில் நின்றால் செத்துப்போகும். எங்கள் பக்கத்தில் கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. உடைப்பைப் பார்த்துவிட்டு நிற்காமல் போகிறவனை நாங்கள் மனிதர் கணக்கில் சேர்ப்பதில்லை. பகையாளி வயலாக இருந்தாலும் இறங்கி மண்ணை அள்ளிப் போட்டு அடைத்துவிட்டு, அதன் பிறகுதான் பகையைத் தொடருவோம். அதற்கு மேல் எனக்கு இன்னொரு கோளாறும் இருந்தது. என் காதுக்குள் பூங்கொடியின் குரல் கேட்டது: எங்க ஊருக்கு வர வேண்டிய தண்ணி.

குதித்துவிட்டேன்.

பவர் டில்லரில் ஆக்சிலேட்டர் வைத்த இடத்திலேயே நிற்கும். இறங்குவதற்கு முன் கிளட்ச் லீவரை இழுத்துவிட வேண்டும். இதைக் கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் வகுப்பெடுத்தவன் நான். அந்த நிமிஷத்தில் எனக்கு லீவரும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. மண்வெட்டி இல்லாததால் கையால் அள்ளினேன். போட்ட மண்ணைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு போனது. ஜெர்சியைக் கழற்றிச் சுருட்டி வளைக்குள் திணித்து, காலால் மிதித்தேன்.

அறிவழகன் என்னைக் கடந்து போனான்.

"மச்சான், ஒங்க வண்டி போவுது!"

"தண்ணி போவுது மாப்ள! எறங்கு, எறங்கி ஒரு கை போடு!"

"ஒங்க ஊருத் தண்ணிதானே மச்சான்!" என்று கத்திக்கொண்டே போய்விட்டான். கடைமடையில் பிறந்தவன். சொட்டுத் தண்ணீருக்கு அருமை தெரிந்த குடும்பம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அங்கே என் வண்டி, அத்தனை சுற்றிலும் தான் போட்ட தடத்துக்குள்ளேயே சக்கரத்தை வைத்துக்கொண்டு, என்னைவிட நேராகப் போய்க்கொண்டிருந்தது. மைக் செட்காரர் வண்டியை மட்டும் பார்த்துவிட்டுத் தொடங்கியிருக்கிறார்: "இதோ, முதலாவதாக வந்துகொண்டிருப்பவர் நமது ஊரின் சிங்கம்... சிங்கம்... ஏய், ஆளு எங்கப்பா?" பந்தலில் இருந்த ஒரு பெரியம்மா, சாமிதான் ஓட்டுகிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். அறிவழகன் துரத்தித் துரத்திப் பார்த்தான். முந்த முடியவில்லை. என் வண்டி ரிப்பனை அறுத்தது. கூட்டம் நாலாபக்கமும் சிதற, நாற்காலிகளை மடக்கி, நீர்மோர் அண்டாவைக் கவிழ்த்து, வைக்கோல் போருக்குள் தலையை நுழைத்து நின்றது. (கொட்டிய மோரை அடைக்க ஒருவரும் குதிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

நான் சட்டையில்லாமல், இடுப்பளவு சேற்றோடு ஓடி வந்து நின்றேன்.

"சார், வண்டி மொதல்ல வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு" என்றார் மாசிலாமணி சார்.

"அப்பறம் என்ன சார்?"

"நீ எங்கப்பா இருந்த?"

"ஒங்க வாய்க்கால்ல இருந்தேன் சார்! ஒங்க எள்ளக் காப்பாத்திக்கிட்டு இருந்தேன்!"

சார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தூரத்தில் வாய்க்காலைப் பார்த்தார். முகம் ஒரு கணம் இளகியது. "ரொம்ப நன்றி தம்பி. நீ இல்லன்னா வெள்ளாம போயிருக்கும்" என்றார். சொல்லி முடித்த அதே வாயில் விசிலை வைத்து ஊதி, அறிவழகனின் கையைத் தூக்கினார்.

"பவர் டில்லர் பந்தயம்னுதான் சார் நோட்டீஸ்ல போட்டுருக்கு! ஆளோட வரணும்னு எங்க போட்டுருக்கு?"

"எறங்குனா தோத்ததுன்னு விதியில இருக்கு. ஒடப்ப அடைச்சது நல்ல காரியம். எறங்குனது தப்பு. ரெண்டும் வேற வேற. அடுத்த வருசம் வண்டிய மட்டும் அனுப்பி வை, பேசிக்கலாம்."

கூட்டம் சிரித்தது. என் ஊர்க் கூட்டமும்தான். நான் அறிவழகனைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு காலி வண்டிய ஒன்னால முந்த முடிஞ்சுதா மாப்ள? இதுக்கு ஒரு வெற்றியா?"

"சாமி ஓட்டுதுன்னு சொன்னாங்க மச்சான். மரியாதைக்குப் பின்னாடி வந்தேன்" என்றான்.

கடைசியில் பூங்கொடியிடமே போனேன். "யாரால எறங்குனேன்? ஒன்னாலதான். இத்தன வருசம் குழாயடியில நின்னு நீ சொன்னது காதுலயே நிக்குது. ஒன் தம்பி நிக்காம போறான், பாத்தியா?"

அவள் நாற்காலியிலிருந்து எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து என் முதுகில் போட்டாள். கண் கலங்கியிருந்தது. சிரித்துச் சிரித்துக் கலங்கியதா, வேறெதற்காகவா என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. "நல்ல காரியம்தான் பண்ணீங்க" என்றாள். நான் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்தேன். "கிளட்ச்ச இழுத்துட்டு எறங்கியிருக்கலாம்" என்றும் சொன்னாள்.

அதன் பிறகு எங்கள் ஊர் கடைமடை லீக்கை விட்டு மேலே ஏறவே இல்லை. மாமனார் ஊர் தலைமடை லீக்கில் சௌக்கியமாக இருக்கிறது. என் ஜெர்சி இன்னும் அந்தக் கரைக்குள்தான் இருக்கிறது. எழுத்து மறைந்தாலும் மஞ்சள் மட்டும் ஓரமாகத் தெரிகிறது. நான் பஸ்ஸிலிருந்து இறங்கினாலும் சரி, கட்டிலிலிருந்து இறங்கினாலும் சரி, என் பெண் முதற்கொண்டு வீட்டில் எல்லோரும் ஒரே குரலில், "எறங்காதீங்க, எறங்காதீங்க, தோத்துருவீங்க!" என்கிறார்கள். மாமனார் வீட்டுக்குப் போனால் காரிலிருந்து இறங்கும்போதே தொடங்கிவிடும்.

மாசிலாமணி சார் வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால், அந்த வயலில் விளைந்த எள்ளை ஆட்டி, ஒரு கேன் நல்லெண்ணெய் கொடுத்தனுப்புகிறார். தீர்ப்பை மாற்றாமல் எண்ணெயை மட்டும் அனுப்பினால் நான் வாங்கிக்கொள்வதா? முதல் வருஷமே வாசலில் நின்று திருப்பி அனுப்பினேன். பூங்கொடி பின்பக்கமாகப் போய் வாங்கி வந்துவிட்டாள். தீபாவளி விடியற்காலையில் என்னை மணைப் பலகையில் உட்காரவைத்து, உச்சந்தலையில் அந்த எண்ணெயை வைத்துத் தேய்க்கிறாள். வேண்டாம் என்று எழுந்தால் தோளைப் பிடித்து அமுக்கி, "எறங்காம ஒக்காருங்க" என்கிறாள்.

"வண்டி மொதல்ல வந்துச்சு" என்று நானும் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன்.

"வந்துச்சு, வந்துச்சு. கண்ண மூடுங்க" என்கிறாள்.

எண்ணெய் நல்ல வாசனை. எனக்கு இருக்கிற ஆத்திரமெல்லாம் அதன் மேல்தான்.