குமாஸ்தா கண்ட நரி எச்சம்

இனி ஞாயிற்றுக்கிழமையில் களைக்கொட்டைத் தொடுவதில்லை என்று குமாஸ்தா முடிவெடுத்துவிட்டார். முடிவெடுத்தது மனைவிக்குத் தெரியாது, அதுதான் ஒரே குறை.

மனைவி பள்ளியில் இலக்கணம் சொல்லிக் கொடுக்கும் டீச்சர். வாரமெல்லாம் பிள்ளைகளைத் திருத்துவார். ஞாயிற்றுக்கிழமை கணவரைத் திருத்துவார். திருத்தும் இடம், வீட்டுக்குப் பின்னாலிருக்கும் முட்டைக்கோஸ் பாத்தி.

வழி காட்டியது ஆபீஸ் அறிவிப்புப் பலகை. காட்டு நரிகளின் குடலில் நாடாப்புழு இருக்கிறதாம். எச்சத்தோடு முட்டைகள் வெளியே வருமாம். கையிலோ காய்கறியிலோ ஒட்டி மனிதன் வயிற்றுக்குள் போனால் கல்லீரலில் கட்டி வருமாம். வெளியே தெரியவே பல வருஷம் ஆகுமாம். கோப்புகளை நாடாவால் கட்டிக் கட்டியே தலை நரைத்தவருக்கு, முதல் தடவையாக ஒரு நாடாவின் மேல் பாசம் பொங்கியது.

சனிக்கிழமை சாயங்காலம் டீத்தூள் சக்கையைக் களிமண்ணோடு பிசைந்தார். விரல் நீளத்துக்கு உருட்டினார். ஒரு முனையைக் கூராக இழுத்துவிட்டுப் பாத்தியில் வைத்தார். காலையில் அலறினார்.

"ஏம்மா! கிட்ட வராதே! நரி எச்சம்!"

"நம்ம தோட்டத்துலயா?"

"பூரா நாடாப்புழு முட்டை! மண்ணைத் தொட்டா கல்லீரல் காலி. இனிமே இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கக் கூடாது."

டீச்சர் பதறிப்போய் மதில் பக்கம் குரல் கொடுத்தார். "டாக்டரம்மா! கொஞ்சம் வாங்களேன்!"

பக்கத்து வீட்டில் கால்நடை டாக்டர் குடியிருப்பதைக் குமாஸ்தா சுத்தமாக மறந்திருந்தார்.

டாக்டரம்மா கையுறை போட்டுக்கொண்டு அதை உடைத்துப் பார்த்தார். "ஏன் டீச்சர், இந்த ஊரு நரி டீ குடிக்குமா?"

டீச்சர் கணவரை ஏற இறங்கப் பார்த்தார். "இது பெயரெச்சம் டாக்டர். பேருக்குத்தான் எச்சம்."

குமாஸ்தாவுக்கு அது வினையெச்சமாகத் தெரிந்தது.

"ஆனா சார், வியாதி விளையாட்டு இல்ல," என்றார் டாக்டரம்மா. "பின்னாடி புதர்க்காட்டுல நெசமாவே நரி நடமாடுது. காயை நல்லாக் கழுவி வேகவைங்க. மண்ணைத் தொட்டா சோப்புப் போடுங்க. அங்கேருந்து எச்சம் பொறுக்கிப் பரிசோதிக்கணும். அதுக்குத்தான் ஆள் கிடைக்கல."

"கிடைச்சாச்சு," என்றார் டீச்சர்.

"நானா? எனக்கு நரி எச்சத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"தெரியாமத்தான் அச்சு அசலா உருட்டினீங்களா?"

அடுத்த ஞாயிறு விடிந்ததும் ரப்பர் பூட்ஸ், இரட்டைக் கையுறை, முகமூடி, இடுக்கி சகிதமாகக் குமாஸ்தா முள்ளுக்குள் குனிந்தார். நாலு வாரத்தில் பதினோரு பொட்டலம் சேர்ந்தது. இரண்டில் புழு முட்டை இருந்தது. தெருவுக்கே எச்சரிக்கைப் பலகை வந்தது. டாக்டரம்மா கைகுலுக்கப் போய், கையுறையைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டார். குமாஸ்தாவுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

"அப்பாடா, முடிஞ்சுது," என்றபடி வீட்டுக் குழாயடியில் கை கழுவினார். "அடுத்த ஞாயிறு இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கப் போறேன்."

"எப்படிங்க முடியும்?" டீச்சர் துண்டை நீட்டினார். "மூணு வருஷத் திட்டம்னு டாக்டரம்மா கொடுத்த படிவத்துல இருந்துச்சே. நான்தானே நிரப்பிக் கொடுத்தேன்."