விருந்தினர் அறையில் காணாமல் போன குறுக்கெழுத்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உங்கள் அத்தை நலம், பழுதாகிக் கிடந்த வாசல் மணிகூட இப்போது நலம். போன மாதம் நீங்கள் வந்து அமைத்துக் கொடுத்த கணினி மட்டும் நலமில்லை. அங்கே நீங்களும் எங்கள் மகளும் நிம்மதியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இந்தக் கடிதத்தைப் பிரிக்கும் வரையிலாவது. கையால் எழுதுகிறேனே என்று பார்க்க வேண்டாம். தட்டச்சு செய்து வைத்த மூன்று கடிதங்களை உங்கள் கணினி விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டது.

வார இதழுக்கு நான் போடும் குறுக்கெழுத்தின் ஆயிரமாவது கட்டம் வரும் வெள்ளிக்கிழமை ஆசிரியர் கையில் இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தால் அட்டையில் என் பெயர். இல்லாவிட்டால், "சார், நீங்க ரெஸ்ட் எடுக்கலாமே" என்று ஆசிரியர் தேன் தடவிய குரலில் ஏற்கெனவே சொல்லிவிட்டார். கட்டம் போடும் என் பழைய மென்பொருள் புதுக் கணினியில் ஓடாது என்றதும், கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதாகப் பாவனை செய்யும் விர்ச்சுவல் மெஷின் என்ற ஒன்றை நிறுவி, அதற்குள் அதைக் குடிவைத்தவர் நீங்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை என்றபோது, "மாமா, நீங்க வேலை பார்த்த விருந்தினர் விடுதி மாதிரிதான்" என்றவரும் நீங்கள். முப்பத்தொரு வருடம் விடுதி மேற்பார்வையாளராக இருந்தவனிடம் அப்படிச் சொன்னால் நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள மாட்டேனா?

நீங்கள் ஊருக்குப் போன மறுநாளே அது திறக்க மறுத்தது. பிராசஸரில் அதற்கான வசதி அணைந்திருக்கிறது என்றீர்கள். கணினி கண்விழிக்கும் அந்த இரண்டு விநாடிக்குள் நான் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும் என்று போனில் படாத பாடு படுத்தி, பதினோராவது முயற்சியில் நீல நிறத் திரைக்குள் போய் அந்த வசதியைப் போட வைத்தீர்கள். சில்லுக்குள் எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். முன்பெல்லாம் விருந்தினர், அதாவது உள்ளே இருக்கும் பாவனைக் கணினி, கையைக் காலை அசைத்தால்கூட மேற்பார்வையாளர் கூடவே நின்று பார்க்க வேண்டியிருந்தது, இப்போது பிராசஸரே காவல் காக்கிறது, விருந்தினர் தன் அறைக்குள் இஷ்டம்போல இருக்கலாம், ஃபியூஸ் பெட்டியில் கைவைத்தால் மட்டும் அப்படியே நிறுத்தி மேற்பார்வையாளரிடம் கொண்டுவந்து விட்டுவிடும் என்றீர்கள். இது எனக்குப் பிடித்திருந்தது. இன்னொன்றும் பிடித்தது. எங்கள் விடுதியில் ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி ஒன்றாம் எண் அறைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பார். பதினான்காம் அறைக் கதவில் '1' என்ற தகட்டை மாட்டி, அவரை உள்ளே விட்டுவிடுவோம். நினைவகத்தில் இதே பித்தலாட்டத்தை பிராசஸர் தானே ஒரு அட்டவணை வைத்துக்கொண்டு செய்கிறது என்றபோது, இந்த வேலைக்கு நம்மைக் கூப்பிடாமல் போனார்களே என்றுகூடத் தோன்றியது.

அதெல்லாம் சரி. என் புதிர் எங்கே? தினமும் காலை ஒன்பது மணிக்கு உட்காருகிறேன். மாலை ஐந்துக்குக் கட்டம் முடிகிறது. அச்சுப்பொறி அந்த விருந்தினரை இன்னும் மதிப்பதில்லை, அதனால் திரையைப் பார்த்தே குறிப்புகளை உங்கள் அத்தைக்கு வாசித்துக் காட்டுகிறேன். அவள் விடை சொல்கிறாள். ஆறு மணிக்கு விதிப்படி அறையைக் காலி செய்து, நீங்கள் சொல்லித் தந்த பொத்தானை அழுத்தி, அறையை நீங்கள் வைத்துவிட்டுப் போனபடியே துப்புரவாக்கிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். இவ்வளவு ஒழுங்காக இருந்தும் மறுநாள் காலையில் கட்டம் இல்லை. ஒரு எழுத்துகூட இல்லை. ஒன்பது நாளாக இதே கூத்து. அத்தையிடம் சொல்ல மானம் தடுக்கிறது. அதே புதிரை ஞாபகத்திலிருந்து மறுபடி போட்டு, புதிது போலவே அவளுக்கு வாசிக்கிறேன்.

இதற்கிடையே வீட்டில் எல்லாருக்கும் ஏதோ ஆகிவிட்டது. குறிப்புகளைக் கேட்டு உங்கள் அத்தை கண்கலங்குகிறாள், 'பறவை, நான்கெழுத்து' என்பதில் கலங்க என்ன இருக்கிறது? நடைப்பயிற்சிக்கு என்னைத் தனியாக விடுவதில்லை. நேற்று என் சட்டைப் பையில் நம் வீட்டு விலாசம் எழுதிய சீட்டு இருந்தது. எங்கள் மகளோ தினமும் போன் செய்து இன்றைக்கு என்ன கிழமை என்று என்னிடம் கேட்கிறாள். அவளுக்கு ஒரு நாட்காட்டி வாங்கிக் கொடுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், மாப்பிள்ளை, நீங்கள் போட்டது அரைகுறை வேலை. எனக்கு வெள்ளிக்கிழமை பயமாக இருக்கிறது. மற்றபடி இருவரும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: உறையில் பசை தடவும்போது உங்கள் அத்தை கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். படித்ததும் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அப்போ அதே புதிர்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும், சொல்ல வெட்கமாக இருந்தது என்றேன். ஒன்பது நாளும் விடை தெரிந்தே தெரியாத மாதிரி யோசித்தாளாம். எனக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது என்று எங்கள் மகளும் அவளும் பேசிப் பேசி அழுதார்களாம். வியாழக்கிழமைக்கு மருத்துவரிடம் நேரம்கூட வாங்கியாகிவிட்டது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆறு மணிக்கு ஏதோ பட்டன் அழுத்துறீங்களே, அது என்ன செய்யும்?" என்றாள். காலையில் இருந்த நிலைக்கு எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும் என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியில் என் குரல் தானாகவே இறங்கிவிட்டது. அவள் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பை நிறுத்த முடியாமல் தண்ணீர் குடித்தாள்.

புதிர் பத்திரம். மருத்துவரிடம் காட்டுவதற்காக ஒன்பது நாள் புதிரையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள். ஒரு பிரதி ஆசிரியருக்குப் போய்விட்டது. மருத்துவரை ரத்து செய்யலாமா என்றேன். மாப்பிள்ளையைக் குற்றம் சொல்லி இத்தனை பக்கம் எழுதிய மண்டையை ஒருமுறை காட்டிவிட்டே வருவோம் என்கிறாள்.

ஆகவே மேலே உள்ள கடிதத்தை, நான் எழுதுவதற்கு முன்பிருந்த நிலைக்குக் கொண்டுபோய்விடவும். இந்தப் பின்குறிப்பை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது நாள் கழித்து உங்கள் அத்தை சிரித்தது இதில்தான் இருக்கிறது.