நான் எழுந்து போன காட்சி

அன்பும் பொறுமையும் ஒருங்கே அமைந்த மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் மாமியாரும் சுகம் என்றே நினைக்கிறேன். என்னோடு பேச்சை நிறுத்தி ஒரு வாரம் ஆவதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உங்கள் பெற்றோருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும், அவர்களுக்கும் என் மேல் கோபம் இல்லையென்றால்.

இந்தக் கடிதம் என் மகளின் உத்தரவுப்படி எழுதப்படுகிறது. "படம் பார்க்கக் கூப்பிட்டா பாதியில எழுந்து போறீங்க. அவர் மூஞ்சி எப்படிச் செத்துப்போச்சு தெரியுமா? என்கிட்ட எதுவும் சொல்லாதீங்கப்பா, அவர்கிட்டயே மன்னிப்புக் கேளுங்க" என்று போனை வைத்தவள், அதன் பிறகு எடுக்கவே இல்லை. ஆகவே, மன்னிப்பு. ஆனால் மாப்பிள்ளை, நீங்கள் இயக்கிய முதல் படத்தை வீட்டு மனிதர்களுக்குப் போட்டுக் காட்டும்போது நீங்களும் எல்லோரையும் போல உட்கார்ந்திருக்கலாம். நீங்களோ முதல் வரிசையில் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, யார் கொட்டாவி விடுகிறார்கள், யார் நெளிகிறார்கள் என்று எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கல்யாணம் பேச வந்த அன்றுகூட என் முகத்தை நீங்கள் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. "ஜனங்க எங்க எழுந்து போறாங்களோ அங்க கத்திரி போடணும் மாமா, அதான் என் வழி" என்று முன்பே சொல்லியிருக்கிறீர்கள். இப்போது நான் எழுந்து போன காட்சியை, அதாவது மகளை வண்டி ஏற்றி அனுப்புகிற அந்தக் காட்சியை, வெட்டப் போகிறீர்களாம். அது என் மகள் சொல்லிச் சேர்த்த காட்சியாம். இவ்வளவையும் உங்கள் மாமியார் சுவரைப் பார்த்துச் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

என் அபிப்பிராயத்துக்கு என்ன மதிப்பு என்பதை முதலில் யோசியுங்கள். வீடியோ போட்ட நெடுந்தூரப் பேருந்தில் ஸ்டியரிங் பிடித்தே தலை நரைத்தவன் நான். கண் சாலையில், காது பின்னால். படங்களை எல்லாம் முதுகால் பார்த்தவன். வசனம் தலைகீழ்ப் பாடம், முகம் ஒன்றும் தெரியாது. ஓய்வு பெற்று அதே படங்களை டிவியில் பார்த்தபோதுதான், ஆறடி ஆள் என்று நான் நம்பியிருந்த கதாநாயகன் என் தோள் உயரம்கூட வரமாட்டார் என்று தெரிந்தது. இரண்டு நாள் மனசே சரியில்லை. வில்லன் என்று நினைத்து வருஷக்கணக்கில் நான் திட்டிய குரல் கதாநாயகியின் அப்பாவுடையது. ஆனாலும் படம் நல்லதா, மோசமா என்பது எனக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிடும். நல்ல படமென்றால் டீக்கு நிறுத்தினாலும் ஒருவரும் இறங்க மாட்டார்கள். மோசமென்றால், "அண்ணே, சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க, தூக்கம் கெடுது" என்பார்கள். நீங்கள் டிவிக்கு இயக்கும் தொடரைப் போட்டிருந்தால் ஓடுகிற வண்டியிலிருந்தே இறங்கியிருப்பார்கள்.

உள்ளதைச் சொல்கிறேன். உங்கள் தொடரில் யாராவது கதவைத் தட்டினால், தட்டியது யார் என்று தெரிய வியாழக்கிழமை ஆகிறது. திறந்து பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரி, கத்தரிக்கோல் இரவல் கேட்டு வந்திருக்கிறாள். கோமாவில் கிடக்கும் பெரியவருக்குத் தினமும் முகச்சவரம் செய்வது யார்? ஆளைச் சொல்லுங்கள், எங்கள் தெரு சலூன்காரர் என் காதையும் சேர்த்து எடுக்கிறார். அந்த வீட்டில் யாரும் தண்ணீர் குடித்தும் நான் பார்த்ததில்லை. டம்ளரைக் கையில் எடுத்தால் கீழே போடுவதற்குத்தான். உங்கள் மாமியார் இதை எல்லாம் கண் கொட்டாமல் பார்க்கிறாள். "நம்ம மாப்பிள்ளை எடுக்கிறாரு, நாமளே பார்க்கலன்னா யார் பார்ப்பா?" என்பாள். உங்களைப் பற்றி வீட்டில் நடந்த பெருமைப் பேச்சு அவ்வளவுதான்.

படத்துக்கு வருகிறேன். கதாநாயகன் லாரி ஓட்டுகிறார். சாலையோ நேர்கோடு, அவரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முறுக்குகிறார். காதல் வசனம் முழுவதையும் பக்கத்தில் இருக்கும் பெண்ணின் முகத்தைப் பார்த்தே பேசுகிறார். காதல் கைகூடுமா என்று மற்றவர்கள் கவலைப்பட்டார்கள், நான் எதிரே வருகிறவனை நினைத்துக் கவலைப்பட்டேன். என் கால் தன்னை அறியாமல் பிரேக் போட்டுப் போட்டு, முன் இருக்கையில் இருந்த உங்கள் சித்தப்பா தூக்கம் கலைந்து திரும்பினார். அவர் கண்மூடி ரசித்ததாக நீங்கள் நினைத்திருந்தால் மன்னிக்கவும். அப்புறம், வேலை போய்விட்டதே என்று அழுத மனிதர் அடுத்த நொடி பனிமலையில் ஆடுகிறார். அவருக்குக் கோட்டின் மேல் கோட்டு, அந்தப் பெண்ணோ மெல்லிய துணியில் உதடு நீலமாகி நடுங்குகிறாள். இவனை நம்பியா ஒருவர் பெண்ணைக் கொடுப்பார்? வில்லன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு தன் பால்ய காலத்திலிருந்து கதை சொல்ல ஆரம்பித்ததும், இதற்குக் குண்டே தேவலை என்று தோன்றியது. இவை எல்லாவற்றையும் நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்து பார்த்தேன் என்பதைத் தயவுசெய்து கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஏன் எழுந்தேன் என்றால், நான் சர்க்கரைக்காரன். இயற்கை அழைத்தது. என்ன காட்சி ஓடுகிறது என்று பார்த்து அது அழைப்பதில்லை. அந்தக் காட்சியை நீங்கள் வெட்டினாலும் சரி, வைத்துக்கொண்டாலும் சரி, எனக்கு எல்லாம் ஒன்றுதான்.

படம் நன்றாக ஓடவும், நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கவும், என் மகள் போனை எடுக்கவும் வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத
மாமனார்

பி.கு.: உறையில் போடும் முன் உங்கள் மாமியார் இதைப் பிடுங்கிப் படித்துவிட்டு, ஒரு வாரத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "இவ்ளோ எழுதினீங்களே, எழுத வேண்டியத எழுதலையே" என்று சொல்லி, இப்போது பின்னாலேயே நிற்கிறாள். ஆகவே எழுதுகிறேன். இயற்கை என்னை அழைக்கவில்லை. அந்தப் படத்து அப்பன், மகள் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு ஒரு வார்த்தை பேசாமல், வண்டியைச் சுற்றி வந்து டயர் டயராகக் காலால் தட்டிப் பார்த்து, காற்று குறைவு என்று டிரைவரோடு சண்டை பிடிக்கிறானே. உங்கள் கல்யாணம் முடிந்து நீங்கள் கிளம்பிய அன்று நான் தட்டிப் பார்த்த டயர்களில் காற்று சரியாகத்தான் இருந்தது, மாப்பிள்ளை. அவள் முகத்தைப் பார்த்துப் போய் வா என்று சொல்ல எனக்குத்தான் வாய் வரவில்லை. அதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதும், புரிந்துகொண்டாள் என்பதும் உங்கள் படத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் வேறு எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறீர்கள். நான் எங்கே போய் அழுவேன்? லாரியை வெட்டுங்கள், பனிமலையை வெட்டுங்கள், வில்லனை அவன் பால்யத்தோடு வெட்டுங்கள். அந்தக் காட்சியில் மட்டும் கை வைக்காதீர்கள். படம் வெளியாகும் அன்று என் மகளுக்குப் பக்கத்து இருக்கையை எனக்குப் போடுங்கள். நான் எழுந்தால் அவளே கையைப் பிடித்து உட்கார வைக்கட்டும்.